புளூ ஸ்புரூஸில் அன்னாசி, சீடர் வேலியில் கரி: மருந்தடிக்க முன் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள்

கேள்வி: தம்பி, நாங்கள் ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்கு முன்னால் இரண்டு புளூ ஸ்புரூஸ், பின்வளவில் வேலிக்குப் பதிலாகப் பதினாறு சீடர். இரண்டு வருடமாக ஸ்புரூஸின் உள்பக்க ஊசிகள் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிக் கொட்டுகின்றன. கிளை நுனிகளில் சின்ன அன்னாசிப்பழம் மாதிரி ஏதோ காய்த்திருக்கிறது. சீடர் மே மாதம் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது, இப்போது நடுவில் நாலு மரம் கரி பூசினது போலக் கறுத்துவிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த வேப்பெண்ணெயைப் பாத்திரம் கழுவும் திரவத்தோடு கலந்து ஒரு ஸ்புரூஸுக்கு அடித்தேன். அடித்த பக்கம் நீலம் போய்ப் பச்சையாகிவிட்டது. மருமகன், எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோவில் கடுமையான மருந்து கிடைக்கும், வாங்கி வருகிறேன் என்கிறார். அடிக்கலாமா? இல்லையென்றால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வேறு மரம் வைப்பதா?

பதில்:

அக்கா, முதல் வேலையாக மருமகனிடம் பஃபலோப் பயணத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மரங்களையும் வெட்ட வேண்டாம். நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒரே நோய் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ அதில் மூன்று வெவ்வேறு சாறுறிஞ்சிகள் தெரிகின்றன, நாலாவதாக ஒரு பூஞ்சணமும் இருக்கலாம் என்று சந்தேகம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தில் வெளியே வருகிறது, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, போதாததற்கு ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றைக் கூட்டியும் விடும். அதனால்தான் என்ன மருந்து அடிக்கலாம் என்று யார் கேட்டாலும், சாற்றைக் குடிப்பது யார், இப்போது அது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்கிறேன். இந்த ஊரில் இருபது வருடமாக மரத்தில் ஏறி இறங்குகிறேன். வீட்டுக்காரர்கள் மருந்துக்குக் கொட்டின காசில் பெரும்பகுதி, பூச்சி முட்டைக்குள்ளோ செதிலுக்குள்ளோ பத்திரமாக இருக்கிற நேரத்தில் அடித்துத்தான் போனது.

ஸ்புரூஸிலிருந்து தொடங்குவோம்.

ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள், பிரிண்டரில் போடுகிற சாதாரணத் தாள் போதும். மஞ்சள் பிடிக்கத் தொடங்கியிருக்கிற கிளை ஒன்றுக்குக் கீழே அதைப் பிடித்துக்கொண்டு கிளையைக் கையால் நாலைந்து தரம் தட்டுங்கள். தூசி, காய்ந்த ஊசி, சின்னச் சின்னக் குப்பை எல்லாம் விழும். பெரிய குப்பையை ஊதிவிட்டு ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். மிளகுத்தூள் அளவில் சில புள்ளிகள் மெல்ல நடக்கத் தொடங்கினால் அவைதான் ஸ்புரூஸ் சிற்றுண்ணி. விரலால் ஒன்றைத் தேய்த்தால் தாளில் ஒரு கோடு இழுபடும். உண்மையில் இது பூச்சி இல்லை, எட்டுக் கால், சிலந்தி இனம். இதை ஏன் சொல்கிறேன் என்றால் பூச்சிக்கென்று விற்கிற மருந்துகள் பல இதைத் தொடுவதே இல்லை.

இந்தச் சிற்றுண்ணியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், இது குளிர்ச்சியான காலத்துப் பிராணி. குளிர்காலத்தை ஊசிகளின் அடியில் முட்டையாகக் கழிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பொரித்து, இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தலைமுறை என்று பெருகும். ஜூலை, ஓகஸ்ட் வெயிலில் ஏறக்குறைய ஓய்ந்துவிடும், பிறகு செப்டெம்பர், ஒக்டோபரில் மறுபடி எழும்பும். ஆனால் அது மே மாதம் குடித்த குடியின் பலன் நம் கண்ணுக்குத் தெரிவது ஜூலையில்தான், ஊசி வெண்கல நிறமாகிக் கொட்டும்போது. உடனே பதறிப்போய் ஜூலையில் மருந்தடிக்கிறோம். அப்போது மரத்தில் குடிக்கிற ஆளே கிட்டத்தட்ட இல்லை, இருப்பதெல்லாம் அதைத் தின்ன வந்த காவல்காரர்கள்தான்!

காவல்காரர்கள் என்று சும்மா சொல்லவில்லை. அதே தாளில் உற்றுப் பார்த்தால் மற்றவற்றைவிட வேகமாக, நிற்காமல் ஓடுகிற சில உருப்படிகள் இருக்கும். பெரும்பாலும் வெளிறிய நிறம், பேரிக்காய் வடிவம். அவை இரைபிடிக்கும் சிற்றுண்ணிகள், மெல்ல நடப்பவற்றைப் பிடித்துச் சாப்பிடுகின்றன. வேகமாக ஓடுபவை கணிசமாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் இரண்டு கிழமை பொறுத்து மறுபடி தட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு கணக்குத் தீர்ந்துவிடும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தேன். 2009 ஏப்ரல் 22ஆம் திகதி ஒன்ராறியோவில் அலங்காரத் தோட்டங்களுக்கான பூச்சிமருந்துத் தடை நடைமுறைக்கு வர முந்திய காலம் அது. ஒரு பெரிய வளவில் வரிசையாக நின்ற ஸ்புரூஸ்களுக்கு ஒவ்வொரு மே மாதமும் எல்லாப் பூச்சியையும் கொல்கிற மருந்து ஒன்றை, பூச்சி இருக்கிறதோ இல்லையோ, நாட்காட்டியைப் பார்த்து அடித்தோம். நானே குழாயைப் பிடித்தேன். மூன்றாவது வருடம் இலையுதிர் காலத்தில் அந்த வரிசை முழுக்கத் துருப்பிடித்த நிறத்தில் நின்றது. பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, இரைபிடிக்கும் சிற்றுண்ணி எல்லாவற்றையும் நாங்களே கொன்றுவிட்டோம், சாறு குடிப்பவை மட்டும் தப்பிப் பெருகிவிட்டன. வீட்டுக்காரருக்குக் காரணம் சொல்ல யாரும் போகவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது, மருமகன் விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பாக எழுதுவது அதனால்தான்.

உங்கள் தாளில் மெல்ல நடப்பவைதான் அதிகம் என்றால் மருந்து தண்ணீர்தான். தோட்டக் குழாயில் கடும் விசையில் பீய்ச்சுகிற முனையைப் போட்டு, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, தண்டின் அருகிலிருந்து வெளிநோக்கி நன்றாக அடித்துக் கழுவுங்கள். கிழமைக்கு இரண்டு தரம், மூன்று கிழமைக்கு. இப்போது செப்டெம்பரில் ஒரு சுற்று, வருகிற ஏப்ரல் கடைசியில் இன்னொரு சுற்று. கழுவி விழுந்தவற்றில் பெரும்பாலானவை மறுபடி ஏறி வராது. வலைகளும் முட்டைகளில் ஒரு பகுதியும் கூடவே போய்விடும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, நான் பூஞ்சணம் என்று சந்தேகப்பட்டது இதைத்தான். உங்கள் மூன்றாவது படத்தில் இடதுபக்க மரத்தின் கீழ்க்கிளைகளில் இந்த வருடத்து ஊசி நன்றாக இருக்கிறது, போன வருடத்து ஊசியும் அதற்கு முந்தினதும் மட்டும் ஊதா கலந்த பழுப்பாகியிருக்கின்றன. சிற்றுண்ணி பெரும்பாலும் இப்படி வருடம் பார்த்துப் பிரித்துக் கெடுக்காது. ரைசோஸ்ஃபீரா என்ற ஊசியுதிர் பூஞ்சணம் கெடுக்கும். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால், பேரப்பிள்ளைகளின் விளையாட்டுக் கண்ணாடியே போதும், பழுத்த ஊசி ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். ஊசியில் வழக்கமாக வெள்ளைப் புள்ளிகள் நீள வரிசையாக இருக்கும், மரம் மூச்சுவிடுகிற துளைகள் அவை. அந்த வெள்ளைக்குப் பதிலாகக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது பூஞ்சணம்தான். தென் ஒன்ராறியோவில் புளூ ஸ்புரூஸ் கீழிருந்து மொட்டையாகிறது என்று என்னை அழைக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் பூச்சியே காரணமாக இருப்பதில்லை. இது ரொக்கி மலைப் பக்கத்து மரம், காய்ந்த காற்றில் வளர்ந்த இனம், நம் ஒன்ராறியோக் கோடையின் ஈரப்பதம் அதற்குச் சரிவராது.

பூஞ்சணம் என்றால் தண்ணீர் பீய்ச்சுவதைக் குறைக்க வேண்டும், ஈரமான ஊசியில்தான் அது பரவும். இரண்டும் சேர்ந்திருந்தால் வெயில் உள்ள நாளாகப் பார்த்து விடியற்காலையில் மட்டும் கழுவுங்கள், மதியத்துக்குள் முழுக்கக் காய வேண்டும். முற்றத்துப் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற இயந்திரம் மரத்தில் படுகிறதா என்று பாருங்கள், படத்தில் படுவது போலத்தான் தெரிகிறது. அதை இன்றைக்கே திருப்பிவிடுங்கள். முழுக்கச் செத்துப்போன கீழ்க்கிளைகளைக் காய்ந்த நாளில் வெட்டியெடுத்தால் காற்று உள்ளே போகும்.

சரி, நீலம் போன கதை. அந்த நீலம் ஊசியின் நிறமே இல்லை, ஊசிக்கு மேலே படிந்திருக்கிற மெல்லிய மெழுகு. எண்ணெய் பட்டால் மெழுகு போய்விடும், பாத்திரம் கழுவும் திரவமும் மெழுகைக் கரைக்கத்தான் செய்யும், நீங்கள் இரண்டையும் சேர்த்து அடித்திருக்கிறீர்கள். கடையில் வாங்குகிற தோட்ட எண்ணெய் அடித்தாலும் இதே கதிதான், புளூ ஸ்புரூஸுக்கு அடிக்க வேண்டாம் என்று லேபிளிலேயே போட்டிருப்பார்கள். போன மெழுகு அந்த ஊசியில் திரும்பி வராது. பயப்பட வேண்டாம், மரத்துக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வசந்தத்தில் வருகிற புதுத் தளிர் நீலமாகத்தான் வரும், இரண்டு மூன்று வருடத்தில் வெளிப்பக்கம் முழுக்க மூடிவிடும்.

வேப்பெண்ணெய் மீது கோபம் வேண்டாம். வேம்பிலிருந்து எடுக்கிற அசடிராக்டினை இதே கனடாவில் மரத்தின் தண்டுக்குள் ஊசி போட்டு, ஆஷ் மரங்களை மரகதத் துளைப்பான் வண்டிலிருந்து காப்பாற்றினார்கள். ரொறன்ரோத் தெருக்களில் இன்றைக்கும் நிற்கிற ஆஷ் மரங்களில் பல அப்படித் தப்பியவை. நம் ஊர் மரம் இங்கே வந்து செய்த வேலை அது, அந்த மரங்களைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அது அளவு பார்த்து, பயிற்சி பெற்றவர்கள் தண்டுக்குள் செலுத்துவது. சூட்கேஸில் வந்த போத்தலில் எவ்வளவு சத்து இருக்கிறது, வேறு என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. ஊசியிலை மரத்தில் அதைத் தெளிக்க வேண்டாம்.

அன்னாசிப்பழத்துக்கு வருவோம். அது காய் இல்லை, கரணை, அதாவது தளிர் வீங்கின கட்டி. அடெல்ஜிட் என்ற பூச்சியின் வேலை, அழுக்கணவனுக்குக் கிட்டின சொந்தம். ஊரில் பயிற்றங்கொடியின் நுனியில் அப்பிக்கொண்டு இருக்குமே அழுக்கணவன், அம்மா விடியவே சாம்பல் கொண்டுபோய்த் தூவுவாரே, அதன் ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புளூ ஸ்புரூஸில் வருவதை கூலி (Cooley) அடெல்ஜிட் என்கிறார்கள். வசந்தத்தில் மொட்டு விரிகிற நேரத்தில் இது சாறு குடிக்கிறபோது, தளிர் ஒழுங்காக நீளாமல் வீங்கி, குஞ்சுகளைச் சுற்றி ஒரு வீடு மாதிரி மூடிக்கொள்கிறது. உள்ளே சின்னச் சின்ன அறைகள், அறைக்குள் குஞ்சுகள். கோடை நடுவில் கரணை காய்ந்து வெடிக்கும், இறக்கை முளைத்தவை பறந்து டக்ளஸ் ஃபர் மரத்துக்குப் போகும். அங்கே கரணை கட்டாது, ஊசிகளில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரியும். அங்கிருந்து மறுபடி ஸ்புரூஸுக்குத் திரும்பும். உங்கள் பக்கத்து வீட்டில் டக்ளஸ் ஃபர் இருக்கிறதா என்று ஒருதரம் எட்டிப் பாருங்கள். இருக்கிறதென்று சண்டைக்குப் போக வேண்டாம், புதிதாக நீங்களும் ஒன்றை நட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான். அது இல்லாவிட்டாலும் ஒரு பகுதி ஸ்புரூஸிலேயே தங்கிக் காலம் தள்ளும்.

படத்தில் உள்ள கரணைகள் எல்லாம் பழுப்பாகி, கட்டையாகிவிட்டன. அவை காலி வீடுகள், வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது, கண்ணுக்குக் குத்தினால் வெட்டுங்கள். வருகிற ஜூன் மாதம் பச்சையாகவோ ஊதாவாகவோ மெதுவாக இருக்கும்போது பாருங்கள், அப்போது வெட்டினால் உள்ளே இருக்கிற குடும்பத்தோடு போகும். வெட்டியதை மரத்தடியில் போட வேண்டாம், பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். எட்டாத உயரத்தில் உள்ளதை விட்டுவிடுங்கள், ஏணியில் ஏற வேண்டாம் அக்கா. இந்தக் கரணையால் செத்த வளர்ந்த மரத்தை நான் இதுவரை பார்த்ததில்லை, அழகு கொஞ்சம் கெடும், அவ்வளவுதான்.

இப்போது சீடர். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தந்தது இதுதான்.

ஊரில் மா இலையில் கறுப்புப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பூங்கொத்தில் தத்துப்பூச்சி இருந்த வருடத்தில் கீழே நிற்கிற வாழை இலைகூடக் கறுத்துவிடும். இதுவும் அதேதான். மரச் சாற்றில் சீனி நிறைய, பூச்சி வளரத் தேவையான அமினோ அமிலம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காகப் பூச்சி நாள் முழுக்கக் குடித்துக் குடித்து, மிஞ்சிய சீனியை அப்படியே வெளியே விடுகிறது. அந்த இனிப்பு நீர்தான் மே மாதம் உங்கள் கையில் ஒட்டினது. அதில் வளர்கிற கரும்பூஞ்சணம்தான் இப்போது தெரிகிற கரி. கரி மரத்தைத் தின்னவில்லை, இனிப்பு நின்றால் அதுவும் மழையில் மெல்ல மெல்லக் கழுவுப்பட்டுப் போகும். அதனால் கரிக்கு மருந்து தேட வேண்டாம், குடிப்பவரைத் தேடுங்கள். சிற்றுண்ணி இனிப்பு விடாது, ஆகவே பிசுபிசுப்பு இருந்தாலே அது செதில் பூச்சி அல்லது அழுக்கணவன் என்று ஊகிக்கலாம். கறுத்த மரங்களில் எறும்பும் குளவியும் அதிகம் வந்தனவா என்று யோசித்துப் பாருங்கள், இனிப்புக்குத்தான் வந்திருக்கும்.

படத்தில் சீடர்க் குச்சிகளில் பழுப்பு நிறமாக, கவிழ்த்து வைத்த சின்னக் கிண்ணம் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது ஃபிளெட்சர் செதில் பூச்சி. கனடாவின் முதல் அரச பூச்சியியலாளராக இருந்த ஜேம்ஸ் ஃபிளெட்சரின் பெயர். சீடரும் யூ மரமும்தான் இதற்குப் பிடித்த இடங்கள். இது வருடத்துக்கு ஒரே ஒரு தலைமுறைதான், அதனால் நாளைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம். மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில் தாய் வீங்கி, தன் ஓட்டுக்கு அடியில் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும், ஓடு மட்டும் முட்டைக்குக் கூரையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஜூன் கடைசி, ஜூலை தொடக்க அளவில் குஞ்சுகள் வெளியே ஊர்ந்து வரும். அந்தச் சில நாட்கள் மட்டும்தான் அதற்கு ஓடும் இல்லை, ஒளிவிடமும் இல்லை. பிறகு ஒரு இடத்தில் குந்தி, வாயை ஊன்றி, அடுத்த வசந்தம் வரை தட்டையாக ஒட்டிக்கொண்டுவிடும்.

ஆக இன்றைக்கு நீங்கள் பார்க்கிற அந்தப் பெரிய பழுப்புக் கிண்ணங்கள் செத்த தாய்கள், அதற்கு மேல் எதை அடித்தும் பிரயோசனமில்லை. நகத்தால் ஒன்றைப் பெயர்த்துப் பாருங்கள், உள்ளே வெறுமையாக, மாவு மாதிரி இருக்கும். சிலவற்றில் ஊசியால் குத்தினது போல வட்டமான ஓட்டை இருந்தால் சந்தோஷப்படுங்கள், அதற்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்து வெளியே போயிருக்கிறது. உயிருள்ளவை குச்சியில் தேடிப் பார்க்கிற அளவு சின்னதாக, தட்டையாக, மஞ்சள் கலந்த பழுப்பில் இருக்கும்.

இந்தக் குஞ்சுகள் தூரம் போகத் தெரியாதவை, பெரும்பாலும் தாயிடமிருந்து சில அங்குலத்திலேயே தங்கிவிடும். அதனால்தான் பதினாறில் நாலு மட்டும் கறுத்திருக்கிறது. இது உங்களுக்கு வாய்ப்பு. அதிகம் ஒட்டியிருக்கிற குச்சிகளை இந்த மாதமே கத்தரித்து எடுங்கள், பாதிப் பிரச்சினை பைக்குள் போய்விடும். ஒன்று மட்டும் கவனம்: சீடரில் பச்சை உள்ள இடத்தோடு நிறுத்துங்கள், உள்ளே பழுப்பான வெறும் கட்டைவரை வெட்டினால் அங்கிருந்து மறுபடி தளிர்க்காது. நம் ஊர்க் கிளுவை வேலி மாதிரி எங்கே வெட்டினாலும் துளிர்க்கும் என்று நம்பிச் சீடர் வேலியைக் கெடுத்துக்கொண்ட நம்மவர்கள் பலர்.

அப்புறம் ஏப்ரலில், புதுத் தளிர் வர முன்பு, இரவிலும் உறைபனி இல்லாத நாளாகப் பார்த்து, அந்த நாலு மரத்துக்கும் பக்கத்து இரண்டுக்கும் தோட்ட எண்ணெய் அடிக்கலாம். எண்ணெய் விஷமாக வேலை செய்வதில்லை, பூச்சியை மூடி மூச்சை அடைக்கிறது, அதனால் குச்சியின் எல்லாப் பக்கமும் நனைய வேண்டும். லேபிளில் சீடருக்கு அடிக்கலாம் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காற்று உங்கள் ஸ்புரூஸ் பக்கம் வீசுகிற நாளில் அடிக்காதீர்கள், இன்னொரு பக்கமும் பச்சையாகிவிடும்.

ஜூன் நடுவில் இருபக்கமும் ஒட்டுகிற டேப்பை நாலைந்து குச்சிகளில் சுற்றிவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருதரம் கண்ணாடி வைத்துப் பாருங்கள். டேப்பில் மஞ்சள் நிறத் தூசி போல உயிர்கள் ஒட்டத் தொடங்கினால் அன்றைக்கே பூச்சிக்கொல்லிச் சவர்க்காரக் கரைசலை அடியுங்கள். கடையில் அதற்கென்றே விற்கிறார்கள், கொழுப்பமிலப் பொட்டாசிய உப்பு, ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் பாவிக்க அனுமதி உள்ளது. பாத்திரம் கழுவும் திரவம் அதற்கு மாற்று இல்லை, அது சவர்க்காரமே இல்லை. ஈரமாகப் பட்ட பூச்சிதான் சாகும், காய்ந்த பிறகு அதற்குச் சக்தி கிடையாது. அதனால் ஒரு கிழமை, பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தரம், வெயில் ஏறாத நேரத்தில். காய்ந்து வாடி நிற்கிற மரத்துக்கு அடிக்கக் கூடாது, முதல் நாளே தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. உங்கள் சீடர்கள் நெருக்கி நட்டவை, கீழே ஸ்காபரோக் களிமண், மேலே கூரையின் ஓரம் மழையை மறைக்கிறது. மண்ணை இருபது சென்டிமீற்றர் தோண்டிப் பாருங்கள், மேலே ஈரமாக இருக்கும், கீழே செங்கல் மாதிரி காய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். குழாயை மெல்லிதாகத் திறந்து வேரடியில் விட்டு, கிழமைக்கு ஒருதரம் ஆழமாக ஊறவிடுங்கள், நிலம் உறைகிறவரைக்கும். ஊசியிலை மரம் குளிர்காலத்திலும் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும், நவம்பரில் தாகத்தோடு உறங்கப் போன சீடர்தான் மார்ச்சில் பழுப்பாக எழும்புகிறது, நாம் பூச்சி என்று நினைக்கிறோம். வேரடி மண்ணை மூடி மரச்சீவல் போடுங்கள், ஐந்து ஆறு சென்டிமீற்றர், தண்டைத் தொடாமல்.

உரம் வேண்டாம். மரம் வாடுகிறதே என்று பாசத்தில் நைதரசன் உரத்தை அள்ளிப் போடுவோம், சாற்றில் அமினோ அமிலம் கூடும், குடிப்பவைக்கு அது விருந்து, முட்டையும் கூடும்.

இப்போது பஃபலோ. கனடாவில் ஒரு பூச்சிமருந்துக்குப் பதிவு இருந்தால் லேபிளில் பி.சி.பி. என்று போட்டு ஒரு இலக்கம் இருக்கும். அந்த இலக்கம் இல்லாததை இங்கே பாவிக்கக் கூடாது, சட்டம். அதைவிட முக்கியம், மருமகன் சொல்கிற மருந்தின் பெயரைப் படங்களோடு எழுதி அனுப்பியிருந்தீர்கள், அதில் உள்ளது இமிடாகுளோபிரிட். வேரில் ஊற்றினால் மரம் முழுக்கப் பரவும் ரகம். சில செதில் பூச்சிகளுக்கு அது வேலை செய்யும், உண்மைதான். ஆனால் சிற்றுண்ணி அதனால் சாகாது, ஊற்றிய பிறகு சிற்றுண்ணி பெருகுவதுதான் பல இடங்களில் பார்த்த அனுபவம். முன்வளவில் சிற்றுண்ணியை வைத்துக்கொண்டு இதை ஊற்றுவது நெருப்புக்கு எண்ணெய் வார்க்கிற வேலை. இனிப்பு நீரைக் குடிக்க வருகிற தேனீக்களையும் யோசியுங்கள்.

படத்தின் ஓரத்தில் பின்பக்கத்து வீட்டுக்காரரின் ஹெம்லொக் மரம் ஒன்று தெரிகிறது. கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது மற்றவை மாதிரி இல்லை, மரத்தையே கொல்வது. ஹெம்லொக் பஞ்சு அடெல்ஜிட் யப்பானிலிருந்து வந்தது, அமெரிக்காவின் கிழக்கில் 1951இல் வேர்ஜீனியாவின் ரிச்மண்ட் அருகே கண்டார்கள், 2017இல் நோவா ஸ்கோஷியாவில் கண்டார்கள், ஒன்ராறியோவில் நயாகராப் பக்கத்துக் காடுகளில் இப்போது இருக்கிறது. கோடையில் உறங்கி, குளிர்காலத்தில் குடிக்கிற பூச்சி இது, குச்சியின் அடிப்பக்கத்தில் ஊசி தொடங்குகிற இடத்தில் பஞ்சு உருண்டை மாதிரித் தெரியும். குளிர்காலத்தின் கடைசியில் அவரிடம் கேட்டு ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு இருந்தால் தொடாமல், வெட்டாமல் படம் எடுத்து கனடிய உணவு ஆய்வு முகமைக்கு அறிவியுங்கள். பறவையின் காலில் ஒட்டியும் அது பயணம் செய்யும், ஆகவே ஏப்ரலிலிருந்து ஓகஸ்ட் வரை ஹெம்லொக் பக்கத்தில் பறவைக்கு இரை வைக்கிற கூட்டைத் தொங்கவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

வெட்டுவதா என்று கேட்டீர்கள். வலதுபக்க ஸ்புரூஸ் நல்ல மரம், இன்னும் பல வருடம் நிற்கும். இடதுபக்கம் பூஞ்சணம்தான் என்று தெரிந்தால் இரண்டு மூன்று வருடம் பார்த்து முடிவெடுங்கள். ரொறன்ரோவில் நெஞ்சளவு உயரத்தில் விட்டம் முப்பது சென்டிமீற்றரோ அதற்கு மேலோ உள்ள மரத்தைச் சொந்த வளவில் வெட்டவும் நகரசபை அனுமதி வேண்டும், ஆகவே அவசரப்பட்டு யாரையும் வாளோடு கூப்பிடாதீர்கள். ஒருநாள் மாற்றத்தான் வேண்டுமென்றால் மறுபடி புளூ ஸ்புரூஸ் வேண்டாம், இந்த மண்ணிலேயே பிறந்த வெள்ளை ஸ்புரூஸை வையுங்கள்.

இந்தச் சனிக்கிழமை காலையில் தாள் தட்டுகிற வேலையைச் செய்துவிட்டு, தாளையும் பழுத்த ஊசி ஒன்றைக் கிட்டவாகவும் படம் எடுத்து அனுப்புங்கள். தாளின் மேல் ஒரு ஐந்து சத நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு எனக்குப் புரியும்.